மீன் டப்பாவில் கிடைத்த பரம்பரை

நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. இதை நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை, கையாலாகாத்தனம் என்றுதான் சொல்கிறேன். கெட்டிக்காரனாக இருந்திருந்தால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். நானும் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். ஆனால் அதைக் காப்பாற்ற ஒரு பாய்மரக் கப்பல், மன்னார்க் கடலில் ஒரு புயல், சிவப்புத் தாடி வைத்த ஒரு கொள்ளுத்தாத்தா என்று வரிசையாக வரவழைக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில் கப்பலும் மூழ்கி, தாத்தாவும் மூழ்கி, நானும் மூழ்கினேன். நான் மூழ்கிய இடம் இலங்கை மலைநாட்டு வட்டவளை. அங்கிருந்து கடல் வெகுதூரம்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தவன். அப்பா சவரிமுத்து கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருஷம் வளரவிட்டுப் பிறகு இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளுவார்களே, அந்த வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். பங்குக் கோயிலில் எனக்கு அந்தோணி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மோட்சத்துக்குப் போக அந்த ஒரு பெயரே போதும் என்றுதான் சொன்னார்கள். தோட்டத்து ஆப்பீசுக்குப் போக அது போதாது என்பதை யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் முடித்து, வட்டவளையில் ஒரு தோட்டத்துக்குச் சின்னக் கிளாக்கர் வேலைக்கு மனுப்போட்டேன். விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கோடும் குடும்பப் பெயருக்கு இன்னொரு கோடும் போட்டிருந்தார்கள். அந்த ஆப்பீசில் பெரிய கிளாக்கர் பெரேரா. தேயிலை ஸ்டோரில் டீமேக்கர் சில்வா. எல்லோருக்கும் பின்னால் ஒரு வால் இருந்தது. அந்த வால்களெல்லாம் போர்த்துக்கேயன் இந்தத் தீவில் இறங்கிய காலத்தில் விட்டுப்போனவை என்பது எனக்குத் தெரியாது. வால் இருப்பவன் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறான், இல்லாதவன் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று 'ஆஜர்' சொல்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு வால் கிடைத்தது எங்கள் வீட்டு அடுப்படியில். பங்களாவில் சமைக்கும் கோக்கி எப்போதோ தூக்கிக் கொடுத்த ஒரு காலி மீன் டப்பாவில் அம்மா உப்புப் போட்டு வைத்திருந்தாள். ஸ்பெயின் தேசத்து டப்பா. நீல நிறம், நடுவில் ஒரு மீன். மீனுக்குக் கீழே அந்த வியாபாரியின் கையெழுத்தை அப்படியே அச்சடித்திருந்தார்கள்: லோப்பஸ். கடைசி எழுத்தின் வாலை இழுத்து, பெயருக்கு அடியில் கொண்டுபோய், மூன்று சுருள் சுருட்டி விட்டிருந்தார் மனுஷன். உப்பு எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொப்பியின் பின்பக்கங்களில் எத்தனையோ தடவை எழுதிப் பழகியிருந்தேன். அதனால் விண்ணப்பத்தின் இரண்டாவது கோட்டில் பேனா தானாகவே ஓடியது. மூன்று சுருளும் ஒழுங்காக விழுந்தன.

வேலை கிடைத்தது. (சுருளுக்காகத்தான் என்று வெகுகாலம் நம்பினேன்.)

முதல் நாள் வெள்ளைக்கார மேனேஜர் பெரியதொரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லோப்பஸா? ஸ்பானியப் பெயராயிற்றே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ் சார்" என்றேன். ஸ்பெயினைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே மீன் கிடைக்கும் என்பதுதான்.

தொரையோடு முடிந்திருக்கலாம். டீமேக்கர் சில்வா விடவில்லை. "மல்லி, ஸ்பெயின்காரன் எப்படி இந்த மலைக்கு வந்தான்?" என்று கேட்டார். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.) கப்பலில் வந்தான் என்றேன். மறுநாள் அந்தக் கப்பல் மன்னாரில் உடைந்தது. அடுத்த வாரம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாடி முளைத்தது. பெயருக்கு அர்த்தம் கேட்டார்கள். 'சிங்கத்தை வென்றவன்' என்றேன். அந்த மொழியில் எனக்கு மீனுக்குக்கூட வார்த்தை தெரியாது. "அப்பா என்ன செய்றார்?" என்ற கேள்விக்கு மட்டும், "டயகமப் பக்கம் தேயிலையில இருக்காரு" என்று உண்மையைச் சொன்னேன்.

இப்படி ஒரு பெயர் இலங்கை முழுக்க எனக்கு ஒருவனுக்குத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒன்பது மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். பத்தாவது மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது டிஸ்பென்சர் வந்தார். பெயர் மரியதாஸ் லோப்பஸ்.

ஐம்பது வயது மனுஷர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, கையில் குடை. லயத்து ஜனங்களுக்கு அன்றைக்கே அவர் டாக்டரையா ஆகிவிட்டார். ஆப்பீசுக்குக் கையெழுத்துப் போட வந்தவர், நான் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குடையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி! நம்ம ஆளா?"

நான் சிரித்து வைத்தேன்.

"தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்கு வந்து மூணு தலைமுறை ஆச்சு எங்களுக்கு. நீங்க எந்த லோப்பஸ்? சந்தைத் தெருவா, கோயில் தெருவா?"

இரண்டு தெருவும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "கப்பல் லோப்பஸ்ங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எங்க பெரிய தாத்தா ஒருத்தர் கப்பலேறிப் போனவரு திரும்பவே இல்லைன்னு எங்கப்பா சாகும்வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு தம்பி. அப்ப நீங்க மூத்த கிளை! எனக்கு அண்ணன் மகன்!"

டப்பாவுக்கு மூடி பொருந்துகிற மாதிரி என் பொய் அவருடைய குடும்பக் கதையில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் மறுத்திருக்க வேண்டும். ஆனால் கண் கலங்கி நிற்கிற ஒருவரிடம், ஐயா, நான் உப்பு டப்பா என்று எப்படிச் சொல்வது? (சொல்லியிருக்கலாம். இப்போது யோசித்தால் வழிகள் தெரிகின்றன.)

அன்று மத்தியானமே சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் அவர் மனைவியும் ஒரே மகளும். "ரோசி, யார் வந்திருக்காங்க பாரு. ஒனக்கு அண்ணன்" என்றார். சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ரோசலின் வெளியே வந்தாள்.

அவளை வர்ணிக்கப் போவதில்லை. இதை அவள் படிப்பாள். அரை நிமிஷத்தில் என் கதை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "வாங்கண்ணே" என்றாள்.

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமன் மகன், அத்தை மகன் என்றால் வாசலில் வாழைமரம் கட்டலாம். ஒரே குடும்பப் பெயர், அப்பன் வழிப் பங்காளி என்றால் நூறு தலைமுறை தள்ளியிருந்தாலும் அண்ணன் தங்கைதான். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் இந்த விஷயத்தில் எங்களவர்கள் அணுவளவும் அசைந்ததில்லை. உலகத்தில் எத்தனை குடும்பப் பெயர் இருக்கிறது! ஒரு பெரேராவாகவோ பெர்னாண்டோவாகவோ இருந்து தொலைத்திருக்கலாம். எனக்குப் பிடித்த ஒரே பெண்ணுக்கு என்னை அண்ணனாக்குகிற ஒரே பெயரைத் தேடிப் பிடித்து, மூன்று சுருளும் போட்டு வைத்திருந்தேன்.

அடுத்த எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் எனக்கு மீன் குழம்பு. தினமும் காலையில் நோயாளிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ரோசலின் அங்கே அப்பாவுக்கு உதவியாகப் பஞ்சு கிழித்து ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டிருப்பாள். நான் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது வேலையை நிறுத்திவிட்டு, பேனா போகிற பாதையையே பார்ப்பாள். என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொள்வேன். உடனே, "அண்ணனுக்குக் கையெழுத்து ரொம்ப அழகு" என்பாள். அந்த முதல் வார்த்தை இல்லாமல் அவள் என்னிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

ஒருநாள் டிஸ்பென்சர் ஆப்பீசுக்கே வந்தார். "தம்பி, ரோசிக்குக் கொழும்பிலேருந்து வரன் வந்திருக்கு. தொறமுகத்துல வேலை. வர்ற ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. அண்ணனா நீங்கதான் முன்ன நிக்கணும்."

நிற்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? அன்று சாயங்காலம் ரோசலின் என்னை மறித்து, "ஞாயித்துக்கெழமை வருவீங்கதானே?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். "வந்து?" என்றாள். வரவேற்பேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிங்கண்ணே" என்று போனாள். 'அண்ணே'யை அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தினாள்.

மழைக்குப் பேர்போன வட்டவளையில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் பேருக்குக் குறைவில்லாமல் பெய்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் ஸ்டேசனிலிருந்து புல்லுப் பாதையில் ஏறி வந்து சேர்ந்தார்கள். வழியில் எல்லோருடைய காலிலும் அட்டை ஏறியிருந்தது. மாப்பிள்ளை நல்ல சிவப்பு, நல்ல உயரம், நல்ல கோட்டு. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. அவர்களுக்குத் தலைவராக வந்தவர் பீரிஸ் மாமா. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தூத்துக்குடியிலிருந்து வந்த அந்தச் சமூகத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதை ஒரு கறுப்புக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவர். அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

டிஸ்பென்சர் என்னைப் பெருமையோடு முன்னால் தள்ளினார். "கப்பல்ல போனவரோட வாரிசு. மூத்த கிளை."

பீரிஸ் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்பியைத் திறந்தார். அந்தக் கப்பல் லோப்பசின் பெயருக்கு நேரே முப்பது வருஷமாக ஒரு கேள்விக்குறி இருக்கிறதாம். அதை அழித்தார். அந்த இடத்தில் என்னை எழுதிக்கொள்ளப் பென்சிலை நாக்கில் தொட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல் கேட்டது. திரும்பினேன். தலையில் கறுப்புக் கம்பளியைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, கோயிலுக்கு மட்டும் போடுகிற பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

குடியுரிமைக் காகிதத்துக்காக மலைநாடே பழைய சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. என் ஞானஸ்நானச் சீட்டைக் கோயிலில் எழுதி வாங்கித் தபாலில் அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தேன். அப்பாவுக்குத் தபாலில் நம்பிக்கை கிடையாது. தலவாக்கலை வரை பஸ், அங்கிருந்து ரயில், அப்புறம் மழையில் நடை. கேட்டவர்களெல்லாம், 'கிளாக்கரையா டாக்டரையா வீட்டுல இருக்காரு' என்று வழி காட்டியிருக்கிறார்கள்.

"யாரப்பா? லோப்பஸ் தம்பியத் தேடியா வந்தே?" என்றார் டிஸ்பென்சர்.

அப்பா என்னைப் பார்த்தார். கழுத்துப் பட்டி, கோட்டு, கையில் பீங்கான் கோப்பை. நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையை இன்றைக்கும் என்னால் படமாக வரைய முடியும்.

"ஆமாங்க. லோப்பஸ் ஐயாவத்தாங்க" என்றார் அப்பா. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட ஆகவில்லை. "அவங்க வீட்டுல வேல பாக்குறவன்ங்க நான். பெரியவரு ஒரு காகிதம் குடுத்து விட்டாரு சின்னையாவுக்கு."

நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அது ரொம்பச் சின்ன வார்த்தை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பீரிஸ் மாமாவுக்கு வெல்லம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "வா, வா. உள்ள வா. ஒங்க பெரியவரு எப்படிப்பட்ட மனுஷன்?"

அப்பா யோசித்தார். அவரைப் பற்றி அவரிடமே யாரும் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. "தங்கமான மனுஷங்க" என்றார்.

"சிவப்பா இருப்பாரா? ஸ்பெயின் ரத்தமாச்சே?"

அப்பா தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டார். "வெயில்ல கொஞ்சம் கறுத்துட்டாருங்க."

"தேயில எவ்வளவு?"

"முன்னூறு ஏக்கருங்க. ஒரு செடி விடாம அவரு கை பட்டதுதாங்க."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிஸ்பென்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிப்பாரா?"

"சம்பளத்தன்னிக்கு மட்டுங்க."

"யாரோட சம்பளத்தன்னிக்கு?"

அப்பா திணறியது அந்த ஒரே இடத்தில்தான். "எங்க சம்பளத்தன்னிக்குங்க. எங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு, அந்தக் கவலையில கொஞ்சம் குடிப்பாருங்க."

நல்ல முதலாளி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா தன்னம்பிக்கை பெற்று அடுத்த கேள்விக்குத் தயாராக நின்றபோது மாப்பிள்ளை, "ஐயோ!" என்று காலைத் தூக்கினான். காலுறைக்குள் ஒரு அட்டை. வெள்ளைக் காலுறை சிவந்துகொண்டு வந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து வெளுத்துப்போனான்.

"பிச்சு இழுக்காதீங்க, இழுக்காதீங்க" என்று அப்பா ஓடிப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவி, மடியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அட்டையின் வாயில் தடவினார். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்கள். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. வேலைக்காரனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவன் நான்தான்.

பீரிஸ் மாமா கொப்பியை மூடினார். "எங்களுக்கு எல்லாம் திருப்தி. ஆனா ஒண்ணு. மூத்த கிளையில ஆம்பள இருக்கும்போது அவரு வாயால சொன்னாத்தான் பேச்சு முடிஞ்சதா அர்த்தம். அதுதான் நம்ம வழக்கம். தம்பி, எழும்பி நின்னு, 'எங்க வீட்டுப் பொண்ணக் குடுக்கிறோம்'னு ஒரு வார்த்த சொல்லுங்க."

டிஸ்பென்சர் ஆமோதித்தார். நான் எழுந்து நின்றேன். உள் கதவின் திரை கொஞ்சம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் ரோசலின் நின்றாள். கீழே அப்பா மாப்பிள்ளையின் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் சரி என்றால் அவளை என் வாயாலேயே இன்னொருவனுக்குக் கொடுத்தவனாவேன். அப்பா வேலைக்காரனாகவே மழையில் திரும்பிப் போவார். லோப்பஸ் மட்டும் மிச்சம் இருப்பான்.

"நான் லோப்பஸ் இல்லைங்க" என்றேன்.



"அப்ப யாரு நீ?" என்றார் பீரிஸ் மாமா.

 கையை நீட்டி அப்பாவைக் காட்டினேன். "இவரு மகன்."

அப்பா மாப்பிள்ளையின் காலை விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "சின்னையா வெளையாடுறாருங்க" என்றார். "சின்னப் புள்ளையிலேருந்தே இப்படித்தாங்க, வெளையாட்டு."

"அப்பா, போதும். எந்திரிங்க" என்றேன்.

பீரிஸ் மாமா அப்பாவின் கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைத் தானே உருவி, விரித்து, சபைக்கு வாசித்தார். "அந்தோணி. தகப்பன் சவரிமுத்து. தொழில், கவ்வாத்து." பிறகு கறுப்புக் கொப்பியைத் திறந்து, அழித்த இடத்தில் கேள்விக்குறியை மறுபடி போட்டார். இம்முறை இரண்டு போட்டார்.

அப்போது திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பங்காளி யார் என்றே தெரியாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளை ஒரு காலில் மட்டும் காலுறையோடு போனான். டிஸ்பென்சர் என்னைத் திட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாவை ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கம்பளியில் பாதியை என் தலைக்கும் இழுத்துவிட்டார். பாதி வழி நடந்தோம். பிறகு, "முன்னூறு ஏக்கர்னு சொன்னது கூடிப்போச்சோ?" என்று கேட்டார்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

"அத விடு. அந்தப் பொண்ணு எதுக்குடா சிரிச்சுச்சு?"

அதற்குப் பதில் ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் டிஸ்பென்சர் என்னைக் கோயில் அறைவீட்டுக்கு, எங்கள் பங்குச் சாமியார் முன்னால், கொண்டுபோய் நிறுத்தினார். மனைவியும் மகளும் கூட இருந்தார்கள். சாமியார் இத்தாலிக்காரர். முப்பது வருஷமாக மலையில் இருப்பவர். ஞானோபதேசப் புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் என்னிடம், "லோப்பஸ் என்றால் என்ன என்று அறிவீரோ?" என்றார்.

"சிங்கத்தை வென்றவன், சாமி" என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டிருந்தது.

"லோப்பே என்பவனின் மகன் என்று அர்த்தம். லோப்பே என்பது ஓநாய். ஆகவே ஓநாய் மகன்."

டிஸ்பென்சர் முகம் சுருங்கியது. "சாமி, ஸ்பெயின்ல இது பெரிய குடும்பந்தானே?"

"மிகப் பெரியது. சந்தையில் நின்று லோப்பஸ் என்று கூவினால் கசாப்புக்காரன் திரும்புவான், தபால்காரன் திரும்புவான், திருடன் திரும்புவான், அவனைப் பிடிக்க வந்த போலீஸ்காரனும் திரும்புவான். உங்களுக்கு முத்துசாமி எப்படியோ அப்படி. போர்த்துக்கல்லிலும் இதே கதைதான். அது சரி, உமது முன்னோருக்கு இப்பெயர் எப்படி வந்தது?"

"பரம்பரையா வருது சாமி."

"பரம்பரைக்கு முன்னால்?"

டிஸ்பென்சர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கடற்கரையில் உமது மூதாதை ஒருவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில் ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கேயன் தன் பெயரைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனான். உமக்குக் கப்பல்காரன் கொடுத்தான், இவனுக்கு மீன்காரன் கொடுத்தான். நீர் நானூறு வருஷம் முந்திக்கொண்டீர், அவ்வளவே."

"பேரு போகட்டும் சாமி" என்றார் டிஸ்பென்சர். "எடுத்துக்கிட்டுப் போகட்டும். எனக்கு அண்ணன் மகன் ஒருத்தன் கெடைச்சிட்டான்னு ஊரெல்லாம் கடுதாசி எழுதினேனே. அத என்ன செய்ய?"

நான் செய்தது என்ன என்பது எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு மனுஷருக்கு இல்லாத சொந்தத்தைக் கொடுத்து, எட்டு மாதம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அதைத் திரும்பப் பிடுங்கியிருந்தேன்.

ரோசலின் தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். நீல டப்பா. நடுவில் மீன். கீழே மூன்று சுருள். ஆஸ்பத்திரியில் அவள் பஞ்சு அடைத்து வைக்கிற டப்பா. அதுவும் ஏதோ ஒரு பங்களாவிலிருந்து வந்ததாம்.

"அப்பா, இவரு மொத நாளு கையெழுத்துப் போட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன்மா சொல்லல?"

"அவரே சொல்லட்டும்னுதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு தடவ அண்ணேன்னு கூப்பிடும்போதும், 'நான் ஒனக்கு அண்ணன் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு மாசம். கடைசில பொண்ணுபாக்க ஆளு வந்து ஒக்காந்து, அட்டையும் கடிச்ச பொறகுதான் வாய் தொறந்தீங்க."

சாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். டிஸ்பென்சர் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப முறை தட்டல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, டப்பாவிடம் சொன்னார்.

அவர் மனம் ஆற இரண்டு வருஷம் பிடித்தது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளை பெயர் 'சவரிமுத்து மகன் அந்தோணி' என்றுதான் வாசிக்கப்பட வேண்டும், ஒரு எழுத்துக் கூடக் கூடாது. மூன்று ஞாயிறும் அப்படியே வாசித்தார்கள். என் பெயர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பெரியதொரை மட்டும் சீமைக்குத் திரும்பும்வரை என்னை லோப்பஸ் என்றேதான் கூப்பிட்டார். மாமனார் கண் மூடும்வரை என் அப்பாவை, வீட்டுக்கு யார் வந்தாலும், "இவருதான் எங்க மூத்த கிளை. முன்னூறு ஏக்கர்" என்று அறிமுகப்படுத்துவார். அப்பாவும் கூச்சமில்லாமல், "வெயில்ல கொஞ்சம் கறுத்துட்டேன்ங்க" என்பார்.

ரோசலின் கோபம் வந்தால் இன்றைக்கும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறாள். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், 'அண்ணே, அடுப்புல பால் பொங்குறது தெரியலையா?' என்ற குரலைக் கேட்டுவிட்டு, பிறகு எங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, பல வாரம் எங்களோடு பேசாமல் இருந்தார்கள்.

இதை எழுதி முடித்து, அவளிடம் படித்துக் காட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாள். கடைசிப் பக்கத்தின் அடியில் 'ச. அந்தோணி' என்று கையெழுத்துப் போட்டேன். எட்டிப் பார்த்தாள்.

"மொட்டையா இருக்கே. வாலக் கொஞ்சம் சுருட்டி விடுங்கண்ணே" என்றாள்.